பணித்தளப் பொறுப்பைக் கைமாற்றும் மிஷனெரிக்கு: சாவி கொடுக்கும் முன்னும் கொடுத்த பின்னும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளிலிருந்து வடமாநிலப் பணித்தளங்களுக்குப் போய், ஓரிடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தலைமை தாங்கி, இப்போது அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிற மிஷனெரிகளுக்காக இதை எழுதுகிறேன். ஊரைவிட்டுப் புறப்படும்போது நமக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புது மொழி கற்பது, மலைக் கிராமத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, மலேரியாக் காய்ச்சலை அடையாளம் காண்பது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். பொறுப்பை விடுவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குஜராத்தின் டாங் மாவட்டத்தில் ஒரு பணித்தளத்தை ஒப்படைத்துவிட்டு வந்தவன் என்ற முறையில், நான் சரியாகச் செய்த சிலவற்றையும் தவறாகச் செய்த பலவற்றையும் வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைப்பு என்பது சால்வை போர்த்திப் புகைப்படம் எடுக்கும் அந்த ஒரு நாள் அன்று. முடிவெடுக்கும் உரிமை உங்களிடமிருந்து இன்னொருவரிடம் போய்ச் சேர்வதுதான் ஒப்படைப்பு. அதற்கு விழாவுக்கு முன் ஓராண்டும் பின் ஓராண்டும் ஆகும்.

தேதியைக் குறித்து எழுத்தில் கொடுங்கள்

"கர்த்தர் வழிகாட்டும்போது பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேதி இல்லாத ஒப்படைப்பு நடப்பதில்லை. குறைந்தது பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பணித்தளக் கமிட்டியில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். எந்த மாதம் என்பதிலும் கவனம் வேண்டும். டாங் போன்ற இடங்களில் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை மழை. ஓடைகள் பெருகினால் சில கிராமங்களுக்குப் போகவே முடியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கூட்டங்கள். பள்ளி விடுதி இருக்கும் தளமானால் ஜூன் மாதச் சேர்க்கையின்போது தலைவர் மாறினால் பெற்றோர் கலங்குவார்கள். விடுதி விடுமுறையில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களே எங்களுக்குப் பொருந்தின. உங்கள் தளத்தின் பருவத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அடுத்தவரை நீங்கள் மட்டும் தெரிந்தெடுக்காதீர்கள்

நம்மைப் போலவே பிரசங்கிக்கிற, நம்மைப் போலவே கணக்கெழுதுகிற ஒருவரைத்தான் கண் தேடும். அந்தத் தேட்டத்தை நம்ப வேண்டாம். கமிட்டியும் உள்ளூர் மூப்பர்களும் கூடி முடிவெடுக்கட்டும். உங்கள் கருத்தை ஒருமுறை சொல்லிவிட்டு, பெயர்களைப் பேசும் நேரத்தில் வெளியே போய் உட்காருங்கள். உள்ளூர் ஊழியர் ஒருவர் தகுதியாக இருக்கும்போது, தெற்கிலிருந்து இன்னொருவரை வரவழைப்பதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். இது ஒன்றும் புதிய கருத்தல்ல. இங்கிலாந்திலிருந்து மிஷனெரிகளை அனுப்பிய சர்ச் மிஷனெரி சொசைட்டியின் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்றும், அந்த நிலை வந்ததும் மிஷனெரி அடுத்த இடத்துக்கு நகர வேண்டும் என்றும் எழுதினார். அவர் சொல்லி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், "இவர்கள் இன்னும் தயாராகவில்லை" என்ற வாக்கியத்தை நாம் விடவில்லை. அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன வேளையில் தயாராகாதவன் நானாகத்தான் இருந்தேன்.

சேர்ந்து நடக்கும் மாதங்கள்

வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில், சபையார் அடுத்த தலைவனான யோசுவாவுக்குக் கீழ்ப்படியும்படி மோசே தன் கனத்தில், அதாவது தன் மதிப்பிலும் அதிகாரத்திலும், கொஞ்சத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. மோசே உயிரோடு இருக்கும்போதே, எல்லாரும் பார்க்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே இதிலுள்ள செய்முறை. நாங்கள் ஒன்பது மாதங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். முதல் மூன்று மாதங்கள் நான் செய்ய அவர் உடன் இருந்தார். அடுத்த மூன்று மாதங்கள் அவர் செய்ய நான் உடன் இருந்தேன். கடைசி மூன்று மாதங்கள் அவர் செய்தார்; நான் கூட்டத்துக்கே போகவில்லை, மாலையில் அவர் வந்து சொன்னால் கேட்டுக்கொண்டேன்.

நடுவில் உள்ள மூன்று மாதங்கள்தான் கடினமானவை. ஊழியர்களுக்கு இடமாற்றம் போடும் கூட்டத்தில் அவர் ஒரு தவறான முடிவை எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கையை மேசைக்குக் கீழே வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிருக்கோ பணத்துக்கோ ஒருவரின் மானத்துக்கோ ஆபத்து இல்லாத தவறுகளை நடக்க விடுங்கள் என்பதே என் அளவுகோல். அந்த இடமாற்றம் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. தவறாக நினைத்தது நான்தான் என்று பிறகு புரிந்தது.

தாள்கள், கணக்கு, அலைபேசி எண்

இந்தப் பகுதியைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

என் மேசை இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட நீள நோட்டுகள் பதினொன்று இருந்தன. எந்தக் கிராமத்தில் ஆலயத்துக்கு இடம் கொடுத்தவர் யார், அந்த நிலத்துக்கு எல்லை எது, யாருடைய மகள் எந்த விடுதியில் படிக்கிறாள், எந்த மூப்பருக்கு எவரோடு மனத்தாங்கல் என்று பதினாறு ஆண்டு விவரம் அவற்றில் இருந்தது. அவற்றைப் பெருமையோடு எடுத்துப் புதியவரிடம் கொடுத்தேன். அவர் முதல் நோட்டைத் திறந்து, இரண்டு பக்கம் புரட்டி, மரியாதையாக மூடி வைத்தார். அத்தனையும் தமிழில் இருந்தன. குக்ணா சமூகத்தைச் சேர்ந்த, குஜராத்தி வழியில் படித்த அவருக்கு அதில் புரிந்தவை தேதிகளும் தொகைகளும் மட்டுமே. பதினாறு ஆண்டுகள் அவர்கள் மொழியில் பிரசங்கித்துவிட்டு, எனக்கு முக்கியமானதையெல்லாம் என் மொழியில் எழுதி வைத்திருந்திருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, நான் வாசிக்க அவர் குஜராத்தியில் எழுத, ஏழு வாரங்கள் ஆயின. ஆகவே நீங்கள் இன்றைக்கே பணித்தளத்தின் மொழியில் குறிப்பெழுதத் தொடங்குங்கள்.

குறிப்புகளைப் போலவே எழுத்தில் ஒப்படைக்க வேண்டியவை சில: நிலப் பத்திரங்களும் வரி ரசீதுகளும், கட்டட ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்குகளும் காசோலைப் புத்தகங்களும், வாகனப் பதிவுச் சான்றும் காப்பீடும், ஊழியர்களின் நியமன ஆணைகள், ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, விடுதிப் பிள்ளைகளின் விவரம். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் பெயரில் வாங்கிய நிலமோ வண்டியோ ஏதாவது இருந்தால் விழாவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அன்று அவசரத்துக்காக அப்படி வாங்கியிருப்போம். நாம் இறந்துபோனால் அது நம் பிள்ளைகளுக்கும் சபைக்கும் நடுவே வழக்காக நிற்கும். சொத்து யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்ற கேள்வி பெரியவர்களையும் பிரித்திருக்கிறது. வங்காளத்தின் செராம்பூரில் ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரியும் தோழர்களும் தங்கள் உழைப்பில் எழுப்பியவற்றை யார் நிர்வகிப்பது என்ற சச்சரவு முற்றி, 1827இல் அவர்கள் தங்களை அனுப்பிய சங்கத்திலிருந்தே பிரிந்தார்கள். மறுபடி இணைந்தது 1837இல். கேரி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார்.

பதிவு செய்யப்பட்ட சங்கத்திலோ அறக்கட்டளையிலோ நீங்கள் பொறுப்பாளராக இருந்தால், பொறுப்பாளர் மாற்றத்தைப் பதிவாளருக்கும், வருமான வரித் தளத்திலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்தால் உள்துறை அமைச்சகத்தின் தளத்திலும், குறித்த காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முதலில் புது டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையின் கணக்குக்கே வர வேண்டும். முக்கியப் பொறுப்பாளர்களின் ஆதார் விவரமும் கொடுக்க வேண்டும். இதற்கு ஆடிட்டரோடு அரை நாள் உட்காருங்கள், போதும்.

இவ்வளவையும் செய்துவிட்டு நான் மறந்தது அலைபேசி எண்ணை. ஒப்படைத்து மூன்று வாரம் கழித்து, பாளையங்கோட்டையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் புதியவர் கூப்பிட்டார். "பாய் (அண்ணா), ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்றீங்களா?" வங்கி, மின்கட்டணம், விடுதியின் எரிவாயு இணைப்பு, மின்னஞ்சல் எல்லாமே என் எண்ணோடு கட்டப்பட்டிருந்தன. தலைவர் அவர், ஆனால் அரிசிக் கடைக்குப் பணம் அனுப்புவதற்குக்கூட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற என் அனுமதி தேவைப்பட்டது. அடுத்த ஒரு மாதம் அவர் கூச்சத்தோடும் நான் குற்ற உணர்வோடும் ஆறிலக்க எண்களைப் பரிமாறிக்கொண்டோம். பணித்தளத்தின் பெயரில் தனி சிம் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

கோப்பில் இல்லாதவை

நீங்கள் வாயால் கொடுத்த வாக்குகளை நினைவுபடுத்தி எழுதுங்கள். "அடுத்த வருஷம் உங்க ஊர் ஆலயத்துக்குக் கூரை போட்டுத் தருவோம்" என்று ஒரு பண்டிகை நாளில் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், அந்த ஊர் மறக்காது. புதியவர் நிறைவேற்றக் கூடியவை எவை, அல்லாதவை எவை என்று பிரித்து, முடியாதவற்றை நீங்களே நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அந்த வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது.

கிராமம் கிராமமாக அவரோடு போங்கள். போகும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அவர் முன்னே நடக்கட்டும், அவர் முதலில் பேசட்டும், கட்டிலில் அவர் உட்காரட்டும். ஒரு வீட்டில் நாக்லி (கேழ்வரகு) ரொட்டியை முதலில் என் தட்டில் வைத்தார்கள். தட்டை அப்படியே அவர் பக்கம் நகர்த்தினேன். வீட்டுக்காரப் பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் சொம்பை நேராக அவரிடமே நீட்டினார். ஒரு மணி நேரம் பேசி விளக்கியிருந்தாலும் அது அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குவோருக்கும் அவரை அறிமுகப்படுத்துங்கள். நம் ஊர் ஜெபக்குழுக்கள் பெரும்பாலும் பணித்தளத்தைத் தாங்குவதில்லை, நம்மைத்தான் தாங்குகின்றன. நாம் விலகியதும் காணிக்கை மெலியும். கடைசி ஆண்டின் ஜெபக்கடிதங்களை இருவர் பெயரிலும் அனுப்பி, முடிந்தால் அவரை ஒருமுறை தெற்கே அழைத்து வந்து சபைகளில் பேச வையுங்கள். அவர் பேச்சை நீங்கள் மொழிபெயர்ப்பீர்கள் அல்லவா, அதுவே நல்ல ஒத்திகை.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் உங்களை நம்பி அறிக்கையிட்ட பாவம் பணித்தளத்தின் கோப்பு ஆகாது. பிள்ளைகளின் பாதுகாப்பும் பணமும் சம்பந்தப்பட்டவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். மற்றவை உங்களோடு போகட்டும். யாரைப் பற்றியும் "அவன் அப்படித்தான்" என்ற முத்திரையைக் கைமாற்ற வேண்டாம். என்னோடு பத்தாண்டு ஒத்துப்போகாத ஊழியர் ஒருவர் இன்றைக்குப் புதியவருக்கு வலது கை.

அந்த நாள்

சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், மிலேத்து பட்டணத்தில் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெற்ற பவுல் தன் ஊழியத்தை நினைவூட்டி, ஒருவனுடைய வெள்ளியையாகிலும் பொன்னையாகிலும் இச்சிக்கவில்லை என்று தன் கையைக் காட்டி, வரப்போகும் ஆபத்தைச் சொல்லி, அவர்களைத் தேவனிடம் ஒப்புவித்து, முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டுக் கப்பல் ஏறினார். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? சாவிக்கொத்தை எல்லார் முன்னும் கொடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம்" என்று மேடையில் சொல்லாதீர்கள், கூப்பிடுவார்கள்.

போனபின் ஆறு மாதம்

குறைந்தது ஆறு மாதம் அந்த மண்ணை மிதிக்காதீர்கள். ஊழியர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுங்கள். விலகும்போது பெரிய செய்தி ஒன்றும் எழுத வேண்டாம். தொலைபேசி வரும். முதல் வாரம் நலம் விசாரிப்பார்கள், இரண்டாம் வாரம் முறையிடுவார்கள், மூன்றாம் வாரம் "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லிவிட்டால் ஒப்படைப்பு அன்றோடு ரத்து. என்னிடம் வந்த எல்லா முறையீட்டுக்கும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: "இதை அவரிடம் சொன்னீர்களா? முதலில் அவரிடம் சொல்லுங்கள்." அதோடு அன்று யார் கூப்பிட்டார்கள் என்பதைப் புதியவரிடம் ஒப்பிக்கவும் மாட்டேன், அப்படிச் செய்தால் நான் தூரத்திலிருந்து உளவு பார்ப்பவனாகிவிடுவேன்.

புதியவர் தாமே கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும். அவர் பெருந்தவறு செய்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் அவரிடமே ஒருமுறை தனியே பேசுங்கள். பணமோ பிள்ளைகளோ சம்பந்தப்பட்ட காரியமானால் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது இடத்தில், அதாவது பழைய நண்பர்களின் திண்ணையில், அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணமாக அதே வளாகத்தில் தங்க வேண்டியவர்களுக்கு இது இன்னும் கடினம். திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து காயப்பட்டபின் 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த ஆண்டுகளில் நிறைய எழுதினார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த தலைக்கல் இல்லை, பிள்ளைகள் அவரை அழைத்தபடி "அம்மை" என்று பொறித்த பறவைத் தொட்டிதான் இருக்கிறது. வளாகத்திலேயே இருப்பவர்கள் தங்களுக்கென எழுத்துப் பணியோ மொழிப் பணியோ ஒன்றை வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குள் நுழையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

புதிய பணிக்குள் நுழைதல்

புதிய பணி எதுவானாலும், ஆள்சேர்ப்பு, பயிற்சி, மொழிபெயர்ப்பு, ஜெபக்குழு ஒருங்கிணைப்பு என எதுவாக இருந்தாலும், அதன் எல்லையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: யாருக்குக் கீழ், எவ்வளவு காலம், எதை முடிவுசெய்யலாம். "ஆலோசகர்" என்ற பட்டத்தை மட்டும் ஏற்காதீர்கள். வேலை இல்லாத பட்டம் மனிதரைப் பழைய வேலைக்கே இழுத்துக்கொண்டு போகும்.

முதல் மாதங்களில் நீங்கள் எதிர்பாராதவை நடக்கும். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆலய வாசலில் "இப்ப என்ன பண்றீங்க ஐயா?" என்பார்கள், பதில் நீளும். எனக்குக் கூச்சத்தைத் தந்தது முதல் கூட்டம். பழக்க தோஷத்தில் மேசைத் தலைமாட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான ஒருங்கிணைப்பாளர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். தேநீர் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த வாரம் முதல் கதவோரத்து நாற்காலி என் இடமாயிற்று. கூட்டக் குறிப்பெழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். குறிப்பெழுதுகிறவன் அதிகம் பேச முடியாது, அது எனக்கு நல்ல மருந்து.

உங்கள் மனைவியிடம் தனியே பேசுங்கள். கமிட்டித் தீர்மானத்தில் அவர் பெயர் இருக்காது, ஆனால் பெண்கள் கூட்டம், விடுதிச் சமையலறை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும் இரவுகள் எல்லாம் அவர் கையில் இருந்தவை. அவரும் ஒரு பொறுப்பை இழந்திருக்கிறார். என் மனைவி ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகியும் இருபது பேருக்கு உலை வைக்கும் அளவில் அரிசியை அளந்து எடுத்துவிட்டுத் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு புதிய பணி எழுத்தில் வேண்டும் என்று கேட்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. நீங்கள் தாமதிக்காதீர்கள்.

சிறிய இடத்துக்குப் போவதை இறக்கம் என்று எண்ண வேண்டியதில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, நாடெங்கும் அறியப்பட்ட ஒய்எம்சிஏ செயலாளராக இருந்தவர், தாம் 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்க உதவிய இந்திய மிஷனெரி சங்கத்தின் பணித்தளமான, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு 1909இல் தாமே மிஷனெரியாகப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கோடு மல்லுக்கட்டினார். சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் 1974இல் ஓய்வு பெற்றதும், மனைவி ஹெலனோடு பேருந்துகளில் தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் பயணப்பட்டார். அங்கே சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, பர்மிங்காமின் வின்சன் கிரீன் பகுதியில் மூடப்படவிருந்த ஒரு சிறு சபைக்குப் போதகரானார். நூற்றுக்கணக்கான சபைகளைக் கண்காணித்தவர் ஒரு தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

ஆறு மாதம் கடந்து, புதியவர் அழைத்தால் பணித்தளத்துக்குப் போய் வாருங்கள். அழைப்பு அவரிடமிருந்தே வர வேண்டும். தங்குவது விருந்தினர் அறையில், பழைய வீட்டில் அல்ல. நான் போனபோது முற்றத்தில் நான் நட்டு வளர்த்த வேப்பமரத்தை வெட்டி, அந்த இடத்தில் பிள்ளைகள் கைகழுவ நீளமான தொட்டி கட்டியிருந்தார்கள். ஆறு குழாய்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். முன்பு ஒரே குழாயடியில் இடித்துக்கொண்டு நின்ற கூட்டம் அது. மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தேன்.